முப்பத்தெட்டாம் சைஸ்

அந்த மாதம் கம்பெனி பஸ்ஸில்
இரண்டு நோன்புகள் ஒரே சீட்டில் வந்தன.
ஷமீமாவுக்கு எச்சில் விழுங்கவும் யோசனை.
எனக்குக் கறி இல்லை, பூ இல்லை,
ரீல்ஸும் பார்ப்பதில்லை என்று
சாம்பல் புதனன்று சொல்லிவிட்டு
இரண்டாம் வாரமே பார்த்துவிட்டேன்.
"உங்க நோன்பு லேசு" என்பாள்.
லேசுதான். அதனால்தான் உடைகிறது.

நாளைக்கு நானூறு ஜோடி மேல்தோல்
என் ஊசிக்கடியில் போகிறது.
எல்லாம் பெண்களுக்கு, முப்பத்தெட்டாம் சைஸ்.
ஜெர்மனியாம். பனியாம்.
அந்தக் கால்களை நான் பார்த்ததில்லை.
விரல் எங்கே மடங்கும் என்பது மட்டும் தெரியும்,
அங்கே தையல் நெருக்கமாக விழவேண்டும்.

பெரிய வியாழன். ஆறரைக்கு ஆராதனை.
பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி
வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோவிலுக்கு,
கையில் பசை வாசனையோடு.
முன்னால் பன்னிரண்டு நாற்காலி.
பதினொன்றில் கமிட்டிக்காரர்கள்,
வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்
கழுவிக்கொண்டு வந்த கால்களுடன்.
பன்னிரண்டாமவர் பொன்னுசாமுவேலுக்குச் சர்க்கரை கூடி
வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.
கோவில்பிள்ளை பெஞ்சுகளைத் துழாவினார்.
"பியூலா, நீ வாம்மா."

பேதுரு ஏன் வேண்டாமென்றான்?
தாழ்மை, மரியாதை, அவசரப் புத்தி,
முப்பது வருஷப் பிரசங்கத்தில் எல்லாம் கேட்டாயிற்று.
அன்று எனக்குத் தோன்றியது வேறு.
அவன் மீன்காரன்.
குதிகால் வெடித்திருக்கும்.
அதை ஒருத்தர் கையில் ஏந்திப் பார்ப்பதா?
என் வெடிப்புக்குள் ஏறியிருப்பது சாயம்,
கறுப்பு, இரண்டாம் நம்பர்.

பேசினில் இருந்தது கேன் தண்ணீர்.
தோல் ஷெட்டுகள் வந்த நாளாய்
எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது.
பாலாற்றைக் கேட்டால் மணல்கூடக் கைவிரிக்கும்.
ஆக, முப்பத்தைந்து ரூபாய் கேனில்
பாதி கால்களுக்கு,
பாதி மறுநாள் மும்மணி ஆராதனைக்கு.
ஐந்தாம் வார்த்தை வந்ததும்
எல்லாருக்கும் தாகமெடுக்கும்.

லைவ் போட்டுக்கொண்டிருந்த பையன்
ஃபோனை என் பாதத்தருகே கொண்டுவந்தான்.
குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும்
சிவப்பு இதயங்கள் மிதந்து மேலே போயின.
"தம்பி, அதக் கொஞ்சம் கீழ வை."
ஆயர் கிருபைதாஸ் தலை நிமிரவில்லை.
குதிகாலை உள்ளங்கையில் வைத்தபடி இருந்தார்,
தேவைக்குமேல் கொஞ்ச நேரம்.
ஜெபம் செய்தாரா, முழங்கால் பிடித்துக்கொண்டதா,
சொல்லத் தெரியவில்லை.
துண்டு சொரசொரவென்றிருந்தது.

எனக்கு யூதாசின் ஞாபகம்.
அவன் காலும் நனைந்தது. அதே துண்டு.
சரியாகத் துடைக்கவிட்டானா?
ஈரக் காலோடுதான் இருட்டில் இறங்கிப் போனான்.
காய்வதற்குள் எவ்வளவு தூரம் நடந்திருப்பான்?
தெருப்புழுதியில் கொஞ்ச தூரத்துக்கு
அவன் தடம் மட்டும்
கறுத்துத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை கல்லறை மூடியிருக்கும் நாள்.
கம்பெனி மூடவில்லை.
திங்களன்று கன்டெய்னர் ஏறவேண்டும்.
ஷமீமா ஊசி மாற்றிக்கொண்டே கேட்டாள்:
"நிஜமாவே கழுவினாங்களா?"
"ஆமா."
"உங்க ஃபாதரே? கையால?"
"ஆமா."
கொஞ்ச நேரம் மிஷின் மட்டும் ஓடியது.
"அப்ப அவர் கால யார் கழுவுறது?"

பதில் இருக்கிறது.
பஸ்காவுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு வீட்டில், ஒரு பெண்.
தைலம் ஊற்றி, தன் கூந்தலால் துடைத்து,
வீடெல்லாம் மணந்தது.
சொல்ல வாயெடுத்தேன்.
ஆனால் அவள் கேட்டது ஆயரைப் பற்றி.
பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நின்றுவிட்டு
கோவில் சுவரைப் பிடித்துக்கொண்டு
படியிறங்கிப் போனவரைப் பற்றி.

சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பினார்.
அடுத்த தோல் வந்து நின்றது.
முப்பத்தெட்டு. இடது.
வலது இன்னும் வரவில்லை.